பம்பரில் பிடித்த கொக்கி

இன்று காலை வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை. நாளை மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் சாலையில் அன்றைக்குக் கோயில் கூட்டத்துக்கு நடுவே ஹாரன் இல்லாமல் ஒரு மாட்டுவண்டியைக்கூட ஓட்ட முடியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பியூஸ் பெட்டியின் மூடியை நெம்பிக் கழற்றினேன். இத்தனை வருடத்தில் அதை நான் திறந்ததே இல்லை. வயரும் இன்ஜினும் உன் பக்கம், இரும்பும் வெல்டிங்கும் என் பக்கம் என்று முதல் நாளே பிரித்துக்கொண்டோம். மூடியின் உட்புறத்தில் வெள்ளை மார்க்கரால் உன் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து.

‘மேலருந்து: ஹெட்லைட், ஹாரன், வைப்பர். நாலாவது எதுக்குன்னு எனக்கே தெரியல, தொடாத. நான் இல்லாதப்ப இத பாத்து மாத்திக்க.’

நாலாவது வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரியை இரண்டாம் தடவையும் படித்தேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இந்த ஒரு மாதத்துக்குள் உன் வீட்டில் சொல்லிவிட்டேன், டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். உன்னிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஹாரனைச் சரிசெய்துவிட்டு, பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வண்டியை நீதான் கண்டுபிடித்தாய். வல்லத்தில் ஒரு அரிசி மில்லின் பின்பக்கம், உமிக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தது. கல் குவாரியில் ஓடி ஓடித் தேய்ந்த டீசல் பிக்கப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய மாடல். பின்தொட்டியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே தகரம் துருப்பிடித்து விழுந்து, உள்ளே உட்கார்ந்தால் காலுக்கடியில் தரை தெரிந்தது. “காயலான் கடைக்காரன்கூட யோசிப்பான்டா” என்றேன். நீ பானெட்டைத் தூக்கி ஃபேனை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினாய். அது முனகிக்கொண்டு கால் சுற்று சுற்றியது. “சிக்கிக்கல பாரு. உசுரு இருக்குது” என்றாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இதை வாங்காமல் செஞ்சிக்குத் திரும்ப மாட்டோம் என்று.

அப்போது நீ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. டிப்ளமா படித்தவன், எந்த இன்ஜின் சத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வாய். நான் திருவண்ணாமலை சாலையில் கிரில் கேட் அடித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் ஊர்த்தெருவிலிருந்து, நீ காலனியிலிருந்து. உன் வீட்டில் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு நீ வந்தால் கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே ஹாரன் அடிப்பாய். உள்ளே வா என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நீயும் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் நான் செய்த தப்பு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அந்த வண்டியோடு மல்லுக்கட்டினோம். என் பட்டறைக் கர்டரில் செயின் மாட்டி இன்ஜினை வெளியே தூக்கினோம். கழற்றிய ஒவ்வொன்றையும் தார்ப்பாயில் வரிசையாக வைத்து, பக்கத்தில் சாக்பீஸால் எண் போட்டாய். கூட்டிப் பெருக்குகிறேன் என்று என் மனைவி துடைப்பத்தோடு வந்தபோது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாய். லோ கியர் லீவர் இறுகிப்போய் அசையவே இல்லை. தினமும் மண்ணெண்ணெய் விட்டு, தினமும் ஒரு நூல் அளவு அசைத்து, எட்டாம் நாள் அதை விடுவித்தாய். நான் தரைத்தகரத்தை வெட்டியெறிந்து புதுத்தகடு அடித்தேன். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் பக்கத்துக்கு இரண்டு கூடுதலாகச் சேர்த்து வண்டியை நாலு விரல் உயர்த்தினோம். மெதுவாகப் பாரம் இழுக்கும்போது இன்ஜின் கொதிக்கக் கூடாது என்று பெரிய ரேடியேட்டர். ஏரிப்பாதையில் தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சுவிட வேண்டும் என்று கூரை உயரத்துக்கு ஒரு காற்றுக்குழாய். அதைப் பார்த்துவிட்டு உன் தெருவில் “இன்னா, வண்டிக்குத் தும்பிக்கை வெச்சிட்டீங்களா?” என்று கேட்டார்கள்.

பிரேக்குக்குத்தான் நீ அதிக நாள் எடுத்துக்கொண்டாய். எனக்குப் பொறுமை போய்விட்டது. “இழுக்கத்தானே போறோம், பிரேக் இன்னாத்துக்கு இவ்ளோ?” என்று கத்தினேன். நீ தலையை வெளியே எடுக்காமலே, “நிறுத்தத் தெரியாத வண்டிய எழுப்பி விடக் கூடாதுடா” என்றாய்.

முதல் ஓட்டம் சந்திராயன் துர்க்கத்துக்குப் பின்னால், கல் உடைத்துப் போட்ட பழைய தடத்தில். ஆட்டுக்குட்டி அளவு கல் ஒவ்வொன்றாக வந்தது. நீ ஒவ்வொரு சக்கரத்தையும் கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோல அதன்மேல் ஏற்றி இறக்கினாய். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் கடவுள்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே போய் நிறுத்தியதும் நீ இறங்கி, முதல் வேலையாக வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தாய். ஒழுகவில்லை. எழுந்து வந்து என் தோளில் ஒரு குத்து விட்டாய். மறுநாள்வரை வலித்தது.

முதலில் இழுத்த வண்டி உனக்கு நினைவிருக்கும். உன் மனைவி செல்வியின் அம்மா வீட்டுக்குப் பனமலைக்குப் போயிருந்தோம். கோயில் பார்க்க வந்த யாரோ ஏரிக்கரையில் காரை ஓரம் இறக்கி, சகதியில் மாட்டிக்கொண்டார்கள். அப்போது நம் வண்டியில் கொக்கிகூட இல்லை. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் கயிற்றைச் சுற்றிக் கட்டினாய். நான் “ஒரு வெட்டு வெட்டி இழு” என்றேன். நீ தலையாட்டி மறுத்தாய். “மொதல்ல கயிறு விறைக்கட்டும். அப்புறம்தான் கால எடுக்கணும்.” கிளட்ச்சிலிருந்து நீ காலை எடுத்தது எனக்கே தெரியவில்லை. கார் பாட்டுக்கு மேலே வந்து நின்றது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழிக்கவே இல்லை. அந்தக் குழந்தையின் அம்மா உன்னைப் பார்த்து, “உங்க கைக்கு ஒரு கும்புடு” என்றாள். வீடு வரும்வரை நீ அதைச் சொல்லிக்கொண்டே வந்தாய்.

அந்தக் கையைத்தான் நான் கெடுத்தேன்.

பின்னால் ஒரு நல்ல கொக்கி வேண்டும் என்று முடிவு செய்தோம். நீ சிமென்ட் தரையில் படம் போட்டுக் காட்டினாய். சேஸின் இரண்டு பக்கச் சட்டத்தையும் சேர்த்து உள்ளே ஒரு கனத்த பிளேட், அதில் எட்டு போல்ட், அதன்மேல் கொக்கி. “பம்பர்ல மட்டும் புடிச்சிடாதடா. பம்பர் அழகுக்கு இருக்கிறது. இழுக்கிற பாரம் அத்தனையும் சேஸுக்குப் போவணும்” என்றாய். நான் சரி என்றேன். அந்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெரிய கேட் கொடுக்க வேண்டியிருந்தது. கனத்த பிளேட் திண்டிவனம் போய்த்தான் எடுத்துவர வேண்டும். போகச் சோம்பல். மழைக்காலம் வேறு வந்துவிட்டது. வயலில் மாட்டிய வண்டிகளுக்கு ஆட்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய தகடு ஒன்றைப் பம்பரில் வைத்து, கீழே இருந்த துருவைக்கூடச் சுரண்டாமல், கொக்கியை வெல்டிங் அடித்தேன். மேலே கறுப்பு பெயின்ட். பார்த்தால் யாருக்கும் தெரியாது. மண்டப வேலை முடிந்ததும் கழற்றிச் சரியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மண்டபத்தில் கல்யாணமே நடந்து முடிந்தது. நான் செய்யவில்லை.

நீ வந்து கொக்கியை இழுத்துப் பார்த்தாய். “சேஸ்ல தானே புடிச்ச?”

“ஆமா” என்றேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நீ வண்டிக்கடியில் படுத்துப் பார்த்திருப்பாய். என் வேலை என்பதால் பார்க்கவில்லை.

அது மூன்று மாதம் தாங்கியது. அமாவாசைக்கு மறுநாள் காலைகளில் மலையனூர் வயல்களில் புதைந்த வேன்களை இழுத்துவிட்டோம். அறுவடை மெஷின் ஒன்றைக்கூட வெளியே எடுத்தோம். பிறகு அந்த நாள் வந்தது. வல்லத்துக்குப் போகிற வழியில் என் சித்தப்பாவின் டிராக்டர், நெல் மூட்டையோடு டிரெய்லர் சாய்ந்து, வாய்க்கால் ஓரம் அச்சுவரை புதைந்திருந்தது. முன்பகல் பதினொரு மணி இருக்கும். நீ ஓட்டினாய். நான் ஓரமாக நின்று கையசைத்தேன். சித்தப்பா டிராக்டரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தள்ளிப் போங்க என்று நீ இரண்டு தடவை சொன்னாய். அவர் இரண்டடி நகர்ந்தார். நைலான் பெல்ட் விறைத்தது. நீ பனமலையில் செய்த அதே நிதானத்தோடுதான் காலை எடுத்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிராக்டர் அசைந்தது, டிரெய்லரும் கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கொக்கி பம்பரிலிருந்து பிய்ந்து, பெல்ட்டோடு பின்னால் பறந்து சித்தப்பாவின் முழங்காலில் அடித்தது.

வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தது நீதான். உன் சட்டையைக் கழற்றி அவர் காலைக் கட்டியதும், அவரைத் தூக்கி முன்சீட்டில் கிடத்தியதும், செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனதும் நீதான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பனியனோடு நீயே ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாய். “நீ வண்டிய எடுத்துனு போ. நான் அவர் கூட இருக்கேன்” என்றாய்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். ஷட்டரை முழுக்க இறக்கினேன். பம்பரில் கிழிந்த தகடு வெளியே துருத்திக்கொண்டு நின்றது, அடியில் துரு அப்படியே. யார் பார்த்தாலும் தெரியும். நீ பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். பம்பரையே வெட்டி எடுத்துத் துண்டு துண்டாக்கிப் பழைய இரும்புக் குவியலில் கலந்தேன். அன்று பிற்பகலே திண்டிவனம் போனேன். போகச் சோம்பல்பட்ட அதே கடைக்குத்தான். கனத்த பிளேட் வாங்கிவந்து, நீ தரையில் போட்ட படத்தின்படி, எட்டு போல்ட் போட்டு, சேஸில் புதுக் கொக்கி பிடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை.

இரண்டு நாள் கழித்து நீ வந்தாய். கண் சிவந்திருந்தது. கொக்கியைப் பார்த்தாய். “பழசு எங்க?”

“பிளேட்டோட பிச்சிக்கிச்சு. பம்பரும் கிழிஞ்சிடுச்சு, ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டேன்.”

“எட்டு போல்ட்டுமா?”

“எட்டும்.”

நீ நம்பினாய். நம்பியதால் உனக்குள் ஒரு கணக்குப் போட்டாய். எட்டு போல்ட்டும் சேஸிலிருந்து பிய்ந்து வருகிறது என்றால் இழுத்தவன் எவ்வளவு கொடூரமாக வெட்டி இழுத்திருக்க வேண்டும். உன் காலைக் குனிந்து பார்த்தாய். “எனக்குத் தெரியவே இல்லடா. மெதுவாதான் எடுத்தேன்னு நெனச்சேன்” என்றாய். நான் கட்டிங் மெஷினைப் போட்டு, அறுக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பைப்பை அறுக்க ஆரம்பித்தேன்.

டீக்கடையில் அதற்குள் பேச்சு முடிந்திருந்தது. சித்தப்பா மகன் ரவி எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டான்: “இன்னாண்ணே ஆச்சு? நீ பக்கத்துல தானே நின்ன?”

“கொஞ்சம் வேகமா இழுத்துட்டான்” என்றேன்.

“அவங்கிட்டலாம் வண்டிய குடுத்தா இப்டித்தான் ஆவும்” என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். அவங்கிட்ட என்பதற்கு அங்கே என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உன் பெயரைச் சொன்னால் அதற்கு மேல் ஒரு கேள்விகூட வராது என்று தெரிந்துதான் அந்த வார்த்தையை நான் விட்டேன். நடந்தது அதுதான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரவி சொல்லியனுப்பினான். நீ வந்தாய். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செல்வியையும் கூட்டிக்கொண்டு. சித்தப்பா வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துக் கைகூப்பி, “எங்கால்தான் தப்பு பண்ணிடுச்சு. மன்னிச்சிடுங்க” என்றாய். நான் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தேன். அந்த கேட்டும் நான் அடித்ததுதான். அதன் கம்பிகளுக்கு நடுவே உன் முகத்தைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாய், கவலப்படாத, முடிஞ்சிடும் என்பதுபோல. நீ எனக்குத் தைரியம் சொன்னாய்.

அடுத்த வாரம் சாவியை என் மேசைமேல் வைத்தாய். “நீயே பாத்துக்க. எனக்கு ஸ்டீயரிங்க புடிச்சாலே அந்தச் சத்தம் கேக்குது” என்றாய். ஒரகடத்தில் ஒரு குடோனில் பெட்டி எண்ணுகிற வேலைக்குப் போனாய். டிப்ளமா படித்தவன், ஒரு இன்ஜினைக் கையால் தொட்டே காய்ச்சல் பார்த்தவன், அட்டைப்பெட்டிகளை எண்ணினாய். நான் அந்த வண்டியோடு பேர் வாங்கினேன். செஞ்சியைச் சுற்றி எங்கே வண்டி புதைந்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். கொக்கி பிடித்தால் அசையாது என்று என் வேலையைப் பற்றிச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் பட்டறைக்கு வருவாய். ஆயில் பார்ப்பாய், ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பாய். டிரைவர் பக்கக் கதவை மட்டும் தொட மாட்டாய். ஒருநாள் நான் வற்புறுத்தி உன்னை உட்கார வைத்தேன். “தெருமுனை வரைக்கும் போய்ட்டு வா.” சாவியைத் திருப்பினாய். கிளட்ச்சில் வைத்த உன் இடதுகால் நடுங்கியது. பேண்ட் துணி படபடவென்று அடித்துக்கொள்வதைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாய். “வேணாம்டா. யாரையாவது இடிச்சிடப் போறேன்.” அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. “டீ சாப்டியா?” என்று கேட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பும்போது, திண்டிவனம் தாண்டி, பஸ்ஸிலேயே உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் உன்னை எடுத்துப்போகும்போது முந்தின இரவு பெய்த மழையில் காலனி சுடுகாட்டுப் பாதை குழம்பாகக் கிடந்தது. அமரர் ஊர்தி பாதி வழியில் புதைந்துவிட்டது. பத்துப் பேர் தள்ளியும் நகரவில்லை. உன் அண்ணன் என்னிடம் வந்து, “உன் வண்டிய எடுப்பா” என்றார். எடுத்துவந்து, சேஸில் பிடித்த கொக்கியில் பெல்ட்டை மாட்டினேன். பெல்ட் விறைக்கக் காத்திருந்தேன். அப்புறம்தான் காலை எடுத்தேன். நீ கிடந்த கண்ணாடிப் பெட்டி அசையாமல் வண்டி மேலே வந்தது. கொக்கி இம்மியும் பிசகவில்லை. முதல் நாளே அதை அங்கே பிடித்திருந்தால் இந்தப் பாதைக்கே நாம் வந்திருக்க மாட்டோமோ என்று ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். “எப்பேர்ப்பட்ட சிநேகிதன் பாரு” என்று யாரோ என் முதுகைத் தடவினார்கள்.

அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லை. செத்தவனுக்கு இனி அது எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன மாதம் செல்வி பட்டறைக்கு வந்தாள். உன் மகள் அமுதாவுக்கு ஒரு விவசாயக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, கிராமம் கிராமமாகப் போக வேண்டும், ஸ்கூட்டர் ஓட்டத் தெரிய வேண்டும்.

“மாட்டேங்குறாண்ணே. ‘நம்ம குடும்பத்துக்கு வண்டி ஆவாது, நம்ம கை சரியில்ல’ன்னு அவரு அவகிட்ட சொல்லிச் சொல்லியே வளத்துட்டாரு. வேலையே வேணாங்குறா. நீங்க சொன்னா கேப்பா.”

உட்காருங்க என்று ஸ்டூலைத் தள்ளினேன். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். தகடு, துரு, பெயின்ட், பம்பரை வெட்டியது, எட்டு போல்ட் என்ற பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கு கேட்டாண்ட நானும் நின்னேன்” என்றாள். “நீங்க உள்ள நின்னீங்க.”

“ஆமா தங்கச்சி.”

“எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எங்க அவர அப்டி பேசினாங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. அப்புறம் எம் பொண்ணுகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துபோனாள்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். சித்தப்பா ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்துவைத்துவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ரவி இருந்தான், இன்னும் நாலைந்து டிரைவர்கள். உட்காராமல் சொன்னேன். அவர் கால் கெட்டது என் வேலையால்தான் என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார். “பைத்தியமா உனக்கு? அவனே போய்ட்டான். இதப் போய் இப்ப கிளப்பிக்கினு. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்” என்று குரலைத் தணித்தார்.

“வீட்ல இல்ல சித்தப்பா. அவன் மேல பழி போட்டது இங்கதான்” என்றேன். “அவன் மெதுவாதான் இழுத்தான். நான் பாத்தேன். அவன மாதிரி கிளட்ச் விடறவன் இந்த ஊர்ல இல்ல.”

ரவி டீ கிளாஸைத் தரையில் வீசினான். என்னை அடிக்க வருவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எங்க நைனாவ நொண்டியாக்கிட்டு, அவரு கட்டில்ல கெடந்தப்ப ஆப்பிள் வாங்கினு வந்து பாத்தியேடா” என்றான். அதோடு அவர்கள் வீட்டோடு எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அன்று “அவங்கிட்டலாம்” என்று சொன்ன ஆள் இப்போது பட்டாணியை மென்றுகொண்டு சாலையைப் பார்த்தார். இரண்டு மூன்று பேர் இப்போது வண்டி இழுக்க என்னைக் கூப்பிடுவதில்லை. அது எனக்கு ஒரு வருத்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். அமுதா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். உன்னைப் போலவே நெற்றி. அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் குறைக்காமல். கடைசியில், “உங்க நைனா கைக்கு ஒரு குறையும் இல்லம்மா. நீ தைரியமா ஓட்டு” என்றேன்.

அவள் கையில் ஈரத்துணியோடு நின்றாள். “நைனாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“சாவற வரைக்கும் தன்னாலதான்னு நெனச்சிக்கினு இருந்தாரா?”

நான் தலையை ஆட்டினேன்.

“ஒருநாளு கனவுல கத்தினாரு. ‘மெதுவாதானே எடுத்தேன்’னு. நாங்க இன்னான்னு கேட்டதுக்கு ஒன்னுமில்லன்னுட்டாரு.” துணியைக் கொடியில் போட்டு, மடிப்பை நீவிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டாள். “எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. அவருகிட்ட யாரு சொல்றது?”

காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரமாக அவள் ஸ்கூட்டர் பழகுகிறாள். பக்கத்து வீட்டுப் பெண் கற்றுக்கொடுக்கிறாளாம். நேற்று பட்டறை வழியாகப் போனாள். நான் எழுந்து வெளியே வந்தேன். அவள் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள்.

நீ படிக்க மாட்டாய் என்று தெரிந்தும், அவள் கேட்டதற்காக எழுதுகிறேன். கொக்கியை நான் பம்பரில் பிடித்தேன்டா. சேஸில் பிடித்தேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ மெதுவாகத்தான் காலை எடுத்தாய். இதைச் சொல்ல எனக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நீ என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாய். சொல்லியிருந்தால் நீ என்னை அடித்திருப்பாய், ஒருவேளை ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பாய், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பாய். அந்தக் கோபத்தையும் அந்த ஆறு மாதத்தையும் நான் உனக்குத் தரவே இல்லை. இனி யார் என்னை மன்னித்தாலும் அது உன் மன்னிப்பு ஆகாது. அதைத் தெரிந்துகொண்டேதான் தினமும் பட்டறையைத் திறக்கிறேன்.